கன்னத்தில் ஒளித்த பாலன்

"இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும்" என்று என் பயணப் பத்திரத்தில் அச்சிட்டிருந்தது. டென்மார்க் அரசு அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் புத்தகம் அது. அல்பர்ட்ஸ்லுண்டில் எங்கள் குசினி மேசையில் அதை விரித்து வைத்து, டேனிஷில் இருந்ததை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"எல்லா நாடும் எண்டால் சுவீடனும் அதுக்குள்ளை இருக்குத்தானே?"

"ஓம்."

"பக்கத்திலை கிடக்கு. கப்பலிலை போயிட்டுப் பின்னேரம் திரும்பி வரலாம். உனக்கேன் மெக்சிக்கோ?"

கிம்னாசியத்தில், அதாவது இங்கத்தைய உயர்தரப் பள்ளியில், மூன்றாம் மொழியாக ஸ்பானியம் எடுத்தவள் நான். வகுப்பில் மற்றவர்கள் ஸ்பெயினுக்கு வெயில் காயப் போவதற்காக அதைப் படித்தார்கள். எனக்கு ஆசிரியை சுவரில் போட்டுக் காட்டிய படங்கள் போதுமாக இருந்தன: காட்டுக்குள்ளிருந்து எழும்பி நிற்கும் கல் மலைகள், பூவேலை செய்த வெள்ளைச் சட்டையில் பெண்கள், பச்சைக் கடல். என்னோடு வருவதாக இருந்த வகுப்புத் தோழிக்கு இடையில் ஒரு காதலன் வந்துவிட்டான். அவள் நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை செய்து சேர்த்ததில் தனியாகவே பயணச்சீட்டு எடுத்தேன்.

எங்கள் குடும்பம் மன்னார்க் கரையில் கடற்தொழில் செய்த குடும்பம். அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. எங்கள் இரண்டு பக்கத்திலும் பரீட்சை மண்டபம் ஒன்றுக்குள் போன முதல் ஆள் நான்தான். கிம்னாசியம் முடித்த அன்று தலையில் வைத்த வெள்ளைத் தொப்பி இப்போதும் கண்ணாடி அலுமாரியில் மாதாவின் சுருவச் சிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை அங்கே வைத்தது அம்மா. நான் எடுக்கச் சொல்லவில்லை.

பக்கத்து வரிசை வீட்டு அக்கா செய்தி கேட்டு வந்தா.

"தனியவோ? பொம்பிளைப் பிள்ளையைத் தனிய விடப்போறியளோ?"

அம்மா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னா: "சோதனை எழுதேக்கையும் அவளோடை ஒருத்தரும் போகேல்லை. தனியத்தானே பாஸ் பண்ணினவள்."

அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "சொன்ன நாளிலை வந்து நிக்கவேணும்." தை மாதக் கடைசிச் சனிக்கிழமை, சனவரி முடிவில், வருவேன் என்று சொன்னேன். அவர் அதைத் திருப்பி ஒருமுறை என் வாயால் சொல்ல வைத்தார்.

அந்த நிபந்தனையின் பாரம் எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு டென்மார்க் வந்தார். அம்மாவையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் கரையில் விட்டு, "ஆறு மாசத்திலை கூப்பிடுவன்" என்று சொல்லிவிட்டு வந்தார். பொய் சொல்லவில்லை. அகதியாக ஏற்கப்பட்டவர் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்று இந்த நாட்டுச் சட்டமே சொல்லியிருந்தது. ஆனால் எங்களைப் போன்ற தமிழர்களின் விண்ணப்பங்களை மேலே இருந்தவர்கள் கிடப்பில் போட்டுவிட்டார்கள். கிழமைக்கு ஒருதரம் நான் தொலைபேசியில் டேனிஷில் கேட்பேன். "பரிசீலனையில் இருக்கிறது" என்பார்கள். அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ஆறு மாதம் வருடங்களாகிவிட்டது. கடைசியில் தம்பி விமானத்திலிருந்து தன் காலால் நடந்து வந்து இறங்கினான். அப்பாவைக் காட்டி, "இதார்?" என்று அம்மாவைக் கேட்டான்.

அப்படிப்பட்ட அப்பாவுக்குத்தான் நான் ஒரு சனிக்கிழமையைக் கொடுத்திருந்தேன்.

மெக்சிக்கோ நகர விமான நிலையத்தில் அதிகாரி நீலப் புத்தகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். டென்மார்க்காரி என்றால் அவர் மனதில் இருந்த நிறம் வேறு. விமானத்தில் பாடமாக்கி வைத்திருந்த வசனத்தை ஸ்பானியத்தில் சொன்னேன்: "நான் உங்கள் திருவிழாக்களையும் பழைய நகரங்களையும் கடலையும் பார்க்க வந்திருக்கிறேன்." அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். இந்தப் படத்தில் இருப்பதைவிட நீ நேரில் நன்றாகப் பேசுகிறாய் என்றார்.

அங்கிருந்து யுகடான் மாநிலத்திலுள்ள மெரிடா நகரத்துக்குப் போனேன். கோபன்ஹேகனில் பனி மழையில் நனைந்து விமானம் ஏறியவள், மெரிடாவில் இறங்கியதும் சப்பாத்தைக் கழற்றிப் பையில் வைத்தேன். ஒரு தட்டு வீடுகள், ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்குக் கதவுகள், பூப்போட்ட தரைக்கல். நான் வாடகைக்கு எடுத்த அறையின் சுவரில் இரண்டு பெரிய இரும்புக் கொளுக்கிகள் இருந்தன. கட்டில் எங்கே என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா நூலில் வலைபோலப் பின்னிய ஒரு தூங்குமஞ்சத்தைக் கொண்டுவந்து கொளுக்கிகளில் மாட்டினா. அந்த ஊர்ச் சனம் அதில்தான் பிறந்து, அதில்தான் படுத்து, அதில்தான் சாகிறார்களாம். நேராகப் படுக்கக் கூடாது, குறுக்காகப் படுக்கவேண்டும் என்று படுத்தே காட்டினா. அன்று தூங்கியதுபோல நான் டென்மார்க்கில் ஒருநாளும் தூங்கியதில்லை.

அந்த அம்மா விதவை, தையல்காரி. தை மாதத்தில் அவவுக்குப் பெரிய வேலை. உள்ளங்கை அகலத்தில் பட்டுச் சட்டைகளும் பொன் சரிகை வைத்த சால்வைகளுமாகத் தைத்துக் குவித்திருந்தா. "எந்தக் குழந்தைக்கு?" என்று கேட்டேன்.

அவவுடைய ஸ்பானியம் முதல் நாளிலிருந்தே என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது. அதை வேறு விதமாக எனக்கு எழுத வராது.

"யேசு பாலனுக்குத்தான்," என்றா. "ஒவ்வொரு வீட்டிலையும் ஒரு பாலன் இருக்கிறார். அவர் பிறந்த நத்தாருக்குக் குடிலிலை கிடத்தினால் அப்பிடியே விடேலுமே? மாசி இரண்டாந் திகதி மெழுகுதிரிப் பெருநாள். அண்டைக்குப் புது உடுப்புப் போட்டுக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகவேணும்."

மன்னாரிலும் மாசி இரண்டாம் திகதி, பெப்ரவரி இரண்டில், மெழுகுதிரி மந்திரிப்பார்கள். ஆனால் பாலனைப் பார்க்க மூன்று இராசாக்கள் வந்து போனதும் எங்கள் பாலன் பெட்டிக்குள் போய்விடுவார். ஒரு தெய்வக் குழந்தையை இவ்வளவு உண்மையாகக் குழந்தையாகவே எண்ணி, அவருக்குச் சட்டை அளவு பார்க்கும் ஊரை அன்றுதான் கண்டேன்.

தை ஆறாம் திகதி, மூன்று இராசாக்கள் திருநாள் அன்று பின்னேரம் வீட்டுக்கார அம்மா என்னையும் மேசைக்குக் கூப்பிட்டா. அவவுடைய தமையன் வந்திருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் ஓயாதவர். மனதுக்குள் நான் அவரை அண்ணை என்றே கூப்பிடத் தொடங்கியிருந்தேன். அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள். நடுவில் முள்முடி மாதிரி வளைந்த ஒரு பெரிய இனிப்புப் பாண் ரொட்டி. மேலே சிவப்பும் பச்சையுமாக வற்றல் பழங்கள். உள்ளே ஒரு சின்னப் பொம்மை ஒளித்திருக்கிறது என்றார்கள். ஒவ்வொருவராகக் கத்தியை எடுத்து, ஏதோ கண்ணிவெடியை வெட்டுவதுபோல, கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார்கள்.

என் துண்டில் பல்லுக்குள் கடினமாக ஒன்று பட்டது.

டென்மார்க்கில் நத்தார் இரவு பால்சோற்றுக்குள் ஒரு முழுப் பாதாம் பருப்பை ஒளித்து வைப்பார்கள். அது யாருக்கு அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு. கெட்டிக்காரர்கள் அதைக் கண்டதும் சொல்லமாட்டார்கள். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சட்டி காலியாகும் மட்டும் தேடித் தேடிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதியோர் இல்லத்தில் பல்லே இல்லாத ஒருவர் முழு மேசையையும் அப்படி ஏமாற்றியதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கலை எனக்கு நன்றாகப் பழக்கம்.

பொம்மையைக் கன்னத்துக்குள் தள்ளினேன். "பாண் நல்லாயிருக்கு, இன்னும் சாப்பிடுங்கோ," என்று எல்லாரையும் உபசரித்தேன். பாண் குறையக் குறைய மேசையில் சந்தேகம் கூடியது.

"உவன் விழுங்கிப்போட்டான்," என்று வீட்டுக்கார அம்மா தமையனைக் காட்டினா. "போன வருசத்துக்கு முந்தின வருசமும் விழுங்கினவன்."

"எடியே, நான் விழுங்கினால் எனக்கு இருமல் வராதோ? உன்ரை பக்கத்து வீட்டுக்காரியைப் பார். முழிக்கிறாள்."

கடைசித் துண்டும் முடிந்தது. அப்போதுதான் நான் எழும்பி நின்று, வாய்க்குள்ளிருந்து பொம்மையை எடுத்து, தட்டின் நடுவில் வைத்து, சுத்தமான ஸ்பானியத்தில் கேட்டேன்: "என்ரை பரிசு எங்கே?"

அந்த வீடு இடிந்து விழும்போலச் சிரித்தார்கள். அண்ணை மேசையில் தலையை வைத்துவிட்டார். வீட்டுக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு விளக்கினா. அந்தப் பொம்மை பாலன் யேசு. குழந்தைகளைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனிடமிருந்து பாணுக்குள் ஒளித்திருக்கிறார். அவர் யாருக்கு அகப்படுகிறாரோ அவர் பாலனுக்கு ஞானத்தாய். மெழுகுதிரிப் பெருநாளன்று இந்த மேசையில் இருந்த எல்லாருக்கும் அவர்தான் சாப்பாடு கொடுக்கவேண்டும். சோளமாவைக் குழைத்து, நடுவில் கறி வைத்து, வாழையிலையில் சுற்றி அவிக்கிற சாப்பாடு. தமால் என்பார்கள். பெயரைக் கேட்டதும் தமிழ், தமால் என்று உங்களுக்குத் தோன்றும் பகிடி எனக்கும் தோன்றியது, அதை விட்டுவிடுவோம்.

"இதிலையிருந்து தப்பத்தான் சனம் விழுங்கிறது," என்றா. "நீயோ ஒளிச்சு வைச்சுப்போட்டுப் பரிசு கேக்கிறாய்!"

"அவளுக்கென்ன," என்றார் அண்ணை. "போன வருசமும் ஒரு வெள்ளைக்காரனுக்கு அகப்பட்டது. சிரிச்சான், படம் எடுத்தான், போயிட்டான். நாங்கள் முட்டையும் பாணும் திண்டம். பிளேன் இருக்கிற ஆக்களுக்கு மாசி வராது."

"நான் வருவன்," என்றேன்.

"எப்ப உனக்குப் பிளேன்?"

தை கடைசிச் சனி என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. "மாசி இரண்டாந் திகதி நான் இங்கை சமைப்பன்," என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை, தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆத்திரத்தில் சொன்ன சொல்தான். ஆனால் சொல்லிவிட்டேன். இப்போது என்னிடம் இரண்டு நாள்கள் இருந்தன, இரண்டும் என் வாயால் கொடுத்தவை. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போய்விடும்.

பொம்மையைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு உஷ்மாலுக்குப் பஸ் ஏறினேன். மாயா மக்கள் கட்டிவிட்டுப்போன நகரம் அது. காட்டு வழி முடிந்ததும் திடீரென்று வானத்தை மறித்துக்கொண்டு ஒரு கல் மலை நின்றது. வகுப்பறைச் சுவரில் பார்த்தபோது இதன் மூலைகள் வட்டமானவை என்று எனக்குத் தெரியவில்லை. இரும்புக் கருவி இல்லாமல், வண்டிச் சில்லு இல்லாமல், கல்லைக் கல்லால் செதுக்கி வளைத்திருக்கிறார்கள். படிகள் ஒரு சாண் அகலமும் இல்லை. நடுவில் ஒரு சங்கிலி போட்டிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது காடு நாலாபக்கமும் தட்டையாக, அலையில்லாக் கடல்போலக் கிடந்தது. அதற்குள் அங்கங்கே கற்கோபுரங்கள். அங்கே நின்றதைவிடச் சந்தோசமாக நான் எங்கும் நின்றதில்லை.

சுவரெல்லாம் வளைந்த மூக்குக்காரர் ஒருவரின் முகம். மழைக் கடவுளாம். அந்தப் பக்கத்தில் ஆறே கிடையாது. வானம் கொடுத்தால்தான் தண்ணீர். அதை நிலத்துக்குக் கீழே கல் தொட்டி கட்டிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். தருவார் என்று நம்பி இத்தனை முகங்களைச் செதுக்கிக் காத்திருந்தவர்களை நினைத்தேன். வெயிலில் பெரிய ஓணான்கள் கல்லோடு கல்லாகப் படுத்திருந்தன. நான் அந்த நிழலில் இருந்து ஆரஞ்சுத் தோடம்பழம் உரித்துச் சாப்பிட்டேன். தனியாக வந்தது எவ்வளவு நல்லது என்று அங்கேதான் முதலில் உணர்ந்தேன். ஒரு சுவரைப் பார்க்க எனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்த்தேன். "போவமோ?" என்று கேட்க ஆளில்லை.

அடுத்து செலெஸ்தூன் என்ற கடற்கரை ஊர். கழிமுகத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் ஒற்றைக் காலில் நின்றன. மன்னாரிலும் அவை வரும்; ஆனால் அங்கே வந்தவை சாம்பல் கலந்த வெள்ளை, இவை பழுத்த செம்மாதுளை நிறம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்துப் படகோட்டி கட்டணமில்லாமல் இன்னொரு சுற்றுக் காட்டினார்.

கடலில் இறங்கி நீந்தினேன். கடற்தொழில் வீட்டில் பிறந்தும் எங்கள் பெண்களுக்கு நீந்தத் தெரியாது. டேனிஷ் பள்ளிக்கூடம் எனக்குத் தந்தவற்றில் அதுவும் ஒன்று. குளோரின் மணக்கிற உள்ளரங்குத் தடாகத்தில் பல்லைக் கிட்டிக்கொண்டு பழகியதை, இளஞ்சூட்டுத் தண்ணீரில், மல்லாந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு செலவழித்தேன். அம்மா பார்த்தால் நீச்சல் உடுப்புக்கு ஏசியிருப்பா. பிறகு எவ்வளவு தூரம் போனாய் என்று கேட்டிருப்பா.

கரைக்கு வந்தபோது படகுகள் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு படகிலிருந்து குட்டிச் சுறாக்களை மணலில் எறிந்தார்கள். நான் ஈரத்தோடு போய்க் குனிந்தேன். ஒன்றைத் தூக்கி, வயிற்றை அமத்தி, செவுளை விரித்துப் பார்த்தேன். கை தானாகச் செய்தது. அங்கே நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இதை என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"அவிச்சு உதிர்த்துக் கறி வைப்பம். நீங்கள்?"

"நாங்களும் அப்பிடித்தான்," என்றேன். அந்த நிமிடத்தில் என்னிடம் சமையல் இருந்தது. நாள்தான் இல்லை.

மெரிடாவுக்குத் திரும்பியதும் காலையில் தொலைபேசி நிலையத்துக்குப் போனேன். டென்மார்க்கில் அப்போது பின்னேரம். கேட்க வேண்டியதை வரிசையாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். எடுத்தவன் தம்பி. "ஃபா! டே எர் ஹேனே!" என்று கத்தினான். அப்பா, அவள்தான், என்று டேனிஷில் அர்த்தம். நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார்:

"பிள்ளை, கவுண்மேந்து விழுந்திட்டுது."

"எது? கொழும்பிலையோ?"

"இஞ்சத்தையது. டென்மார்க். எங்கட விசயத்தாலை."

"சும்மா சொல்லாதேங்கோ அப்பா."

"சும்மாவோ? ரீவியிலை வேறை ஒண்டும் இல்லை. விசாரணை அறிக்கை வந்திட்டுது. எங்கட கடுதாசியளை வேணுமெண்டு பிடிச்சு வைச்சவையாம், பாராளுமன்றத்துக்கும் உள்ளதைச் சொல்லேல்லையாம். பிரதமர் பதவியை விட்டிட்டுப் போயிட்டார். வேலைத்தலத்திலை ஒவ்வொருத்தனா வந்து எனக்குக் கை தாறான், நான் என்னவோ தள்ளி விழுத்தினது மாதிரி. நீ இல்லாமல் எனக்கு முழுக்க விளங்கேல்லை. தம்பிதான் சொல்லுறான். பாதி சொல்லிப்போட்டு விளையாடப் போறான்."

கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. எத்தனை கிழமைகள் நான் அந்த அலுவலகத்தோடு கதைத்திருப்பேன். என் டேனிஷ்தான் சரியில்லையோ, அதனால்தான் அம்மா வரவில்லையோ என்று பயந்துகொண்டு இலக்கணம் படித்தவள் நான். என் டேனிஷில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

பிறகு பொம்மைக் கதையைச் சொன்னேன். பின்னால் நின்று கேட்ட அம்மா, "வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டிருந்தவளோ!" என்று சிரித்தது கேட்டது. அப்பா சிரிக்கவில்லை.

"மாசி இரண்டு எண்டு அவைக்குச் சொல்லிப்போட்டாய்."

"ஓம் அப்பா."

"தை கடைசிச் சனி எண்டு எனக்குச் சொன்னனி."

"ஓம்."

அவர் கோபித்தால் நான் சனிக்கிழமை போயிருப்பேன். அது எனக்கு நிச்சயம். அண்ணை சொன்னது சரியாகிவிடும், அவர்கள் முட்டையும் பாணும் சாப்பிடுவார்கள், நான் கோபன்ஹேகனின் கஸ்ட்ரூப் விமான நிலையத்தில் இறங்கி அப்பாவுக்கு முகம் கொடுப்பேன்.

"நீ வருவாய் எண்டு அவை பாத்துக்கொண்டு இருப்பினமோ?" என்று கேட்டார்.

"வரமாட்டாள் எண்டுதான் ஒராள் சொல்லித் திரியிறார். எண்டாலும் பாப்பினம்."

"பாப்பினம்," என்றார் அப்பா. "வரமாட்டான் எண்டு வாயாலை சொல்லுவினம். பாத்துக்கொண்டுதான் இருப்பினம்." பிறகு, "எனக்குத் தந்த நாளை நான் மாத்தித் தாறன். அவைக்குக் குடுத்ததை நான் மாத்தேலாது. சமைச்சுப்போட்டு வா," என்றார்.

அம்மா தொலைபேசியைப் பறித்தா. "என்னத்தையடி சமைக்கப் போறாய்? உனக்குச் சோறே குழையும்."

"சுறா வறை."

"வறையோ! தோலை வடிவா உரி. அவிச்ச பிறகு தண்ணியை நல்லாப் புழி, இல்லாட்டில் ஊர் முழுக்க மணக்கும். தேங்காய்ப்பூவைக் கடைசியிலை போடு. கேக்குதோ? கடைசியிலை!"

விமானக் கொம்பனியில் பயண நாளை மாற்றினேன். வீட்டுக்கார அம்மாவிடம், மாசி இரண்டு முடியும்வரை அறை வேண்டும் என்றேன். அவ தையல் மெசினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. மறுபடி மிதித்தா. பின்னேரம் வந்து, "எங்கட வீட்டுப் பாலனுக்கு ஞானத்தாய்தான் உடுப்புத் தெரிஞ்செடுக்கவேணும். உங்கட பக்கத்திலை ஆம்பிளையள் பெருநாளுக்கு என்ன உடுக்கிறவை?" என்று கேட்டா. வெள்ளைத் துணியில் பொன் சரிகை வைத்து ஒரு வேட்டி வெட்டிக் கொடுத்தேன். ஒரு சால்வையும். கொய்யகமாக மடித்து உடுத்தக் காட்டிக் கொடுத்ததும் அவ பாலனைத் தூரப் பிடித்துப் பார்த்து, "பெரிய மனுசன் மாதிரி இருக்கிறார்," என்றா.

பெருநாளுக்கு முதல்நாள் சந்தையில் சுறா வாங்கிவந்து அவவின் அடுப்படியைப் பிடித்தேன். அண்ணை வாசலில் நின்று மூக்கைப் பொத்தினார்.

"பெருநாளுக்குச் சுறாவோ? கோழி இல்லையோ? பண்டி இல்லையோ? ஏரோது கூட இப்பிடிச் செய்யேல்லை."

உரித்தேன், அவித்தேன், கை நோகப் புழிந்தேன். மஞ்சள் கிடைக்கவில்லை, அவர்களுடைய சிவப்பு விதை நிறத்தைக் கொடுத்தது. பச்சை மிளகாய்க்குப் பதிலாக, தோடம்பழ நிறத்தில் சின்ன மிளகாய். பார்க்கக் குடைமிளகாயின் பேரப்பிள்ளைபோல இருக்கும், கடித்தால் காது அடைக்கும். தேங்காய்ப்பூவைக் கடைசியில்தான் போட்டேன். வாழையிலையை அனலில் வாட்டுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. ஆனால் என் முதல் சோளமாப் பொதிகள் உள்ளே தண்ணீர் புகுந்து கூழாகிவிட்டன. வீட்டுக்கார அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, மற்றவற்றை நாரால் இறுக்கிக் கட்டினா.

பெருநாளன்று கோயிலுக்குப் போனோம். எங்கள் ஊரில் சுருவத்தைத் தோளில் சுமப்பது ஆண்கள். பெண்கள் பின்னால் பாட்டுப் படித்துக்கொண்டு வருவோம். இங்கே வீட்டுக்கார அம்மா வாசல் படலையடியில் வைத்துப் பாலனை என் கையில் தந்துவிட்டா. "நீதானே ஞானத்தாய்." ஒரு கையில் வேட்டி கட்டிய பாலன், மறுகையில் மெழுகுதிரி. தெரு நிறையப் பட்டிலும் வெல்வெட்டிலும் பாலன்கள், அவர்களைப் பெற்றவர்கள்போலப் பெருமையோடு தூக்கிச் செல்லும் மனிதர்கள். மற்றப் பெண்கள் தங்கள் பாலனைக் காட்டிவிட்டு என்னுடையவரின் வேட்டித் தலைப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

மேசையில் முதல் பொதியை அண்ணை அவிழ்த்தார். மணந்து பார்த்தார். ஒரு வாய் வைத்தார். எல்லாரும் அவருடைய முகத்தையே பார்த்தார்கள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"உறைப்பு," என்றார். "எங்கட ஆக்கள் போடுறதிலும் கூட."

இன்னொன்றை அவிழ்த்தார். மூன்றாவதை அவிழ்க்கும்போது தங்கச்சியான வீட்டுக்கார அம்மா அவரைப் பார்த்தா.

"பிளேன் இருக்கிற ஆக்களுக்கு மாசி வராதெண்டு ஆரோ சொன்னவை?"

"சாப்பிடேக்கை கதைக்காதை," என்றார் அவர்.

கஸ்ட்ரூப்பில் இறங்கியபோது வெளியில் பனி கொட்டியது. அப்பா என் குளிர்அங்கியைக் கையில் தொங்கவிட்டபடி நின்றார். கிட்டப் போனதும் அதை விரித்துப் பிடித்தார். நான் கைகளை நுழைத்தேன்.

"சாப்பிட்டவையோ?"

"ஓம் அப்பா."

"மிச்சம்?"

"இல்லை. கடைசியை, வரமாட்டாள் எண்ட அந்த ஆள் இலையோடை சுத்திக்கொண்டு போயிட்டார்."

அப்பா தலையாட்டிவிட்டு என் பையைத் தூக்கினார். பஸ்ஸில் மத்திய நிலையத்துக்கு வந்து எஸ்-ரயில் ஏறினோம். ரயில் வெளிக்கிட்ட பிறகு, சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சனிக்கிழமை உந்தப் பக்கத்து வீட்டு அக்கா வந்து, எங்க, மகள் இன்னும் வரேல்லையே எண்டு கேட்டவா."

"என்ன சொன்னனீங்கள்?"

"மெக்சிக்கோவிலை பெருநாள் வைக்கிறாள், முடிச்சுப்போட்டுத்தான் வருவாள் எண்டு சொன்னன்."

சொல்லிவிட்டு அவர் முகத்தை இன்னும் கொஞ்சம் சன்னல் பக்கம் திருப்பினார். ஆனால் கண்ணாடியில் அவருடைய சிரிப்பு தெரிந்தது. பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"எங்க, அந்தப் பாலனைக் காட்டு."

பொக்கற்றிலிருந்து எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டார். அல்பர்ட்ஸ்லுண்ட் வரும்வரை அவர் அதைத் திருப்பித் தரவில்லை.